ஏழாம் நம்பர் ஸ்லைடு

அறுபத்தாறு வயது வரை என் உடம்பில் புரோஸ்டேட் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை, நானும் அதை விசாரிக்கவில்லை. சிறுநீர்ப்பையின் வாயில் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி, ஆண்களுக்கு மட்டும் உண்டு. தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்தில் என் வயது ஆண்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே மழை வருமா வராதா என்று ஆரம்பித்து விடுவார்கள். வெட்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வெட்கத்தால் யாரும் கெட்டுப்போக வேண்டாம் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான்.

என் பெயர் தனபால். சுரங்கத்தை மூடும் வரை நான் அங்கே சேம்ப்ளர். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழே லெவலுக்குப் போய், தங்கம் ஓடும் வெள்ளைக்கல் பட்டையை, அதை ரீஃப் என்போம், குறுக்காகக் கொத்தி, விழும் சில்லுகளைப் பையில் போட்டு, நம்பர் சீட்டு வைத்துக் கட்டி மேலே அனுப்புவது என் வேலை. டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று பரிசோதனை ஆபீஸில் சொல்வார்கள். சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்று, தினமும் ரயிலில் போய் வந்து, மகள் கவிதாவைப் படிக்க வைத்தேன். இப்போது அவள் பெங்களூரில் வேலை செய்கிறாள். நானும் என் மனைவி மல்லிகாவும் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீட்டில் நிம்மதியாக இருக்கிறோம்.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. கவிதாவின் கம்பெனியில் பெற்றோருக்கு இலவசமாக உடல் பரிசோதனை செய்தார்கள். அதில் பி.எஸ்.ஏ. என்ற ஒன்று எனக்குக் கூடுதலாக இருந்தது. புரோஸ்டேட் ரத்தத்தில் விடும் ஒரு புரதம் அது. வயதானால் கூடும், வீக்கமிருந்தால் கூடும், புற்றுநோய் இருந்தாலும் கூடும். எதனால் கூடியது என்று அந்த எண் சொல்லாது. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே சிறுநீரக டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்பது. நான் "ஒரு தடவை" என்றேன். சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு டாக்டரிடம் உண்மை பேசும் பழக்கம் கிடையாது. மெடிக்கலில் ஏதாவது ஒப்புக்கொண்டால் சுரங்கத்துக்கு வெளியே மேல்வேலைக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளம் குறையும். அதனால் இருமலை அடக்கிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டு வந்த கூட்டம் நாங்கள். மல்லிகா பக்கத்தில் இருந்தாள். "ஒரு தடவையா? நாலு தடவை எழுந்து கதவத் தடால்னு சாத்துறாரு டாக்டர். எனக்கும் சேத்து தூக்கம் போவுது" என்றாள். டாக்டர் ஒன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினார்.

முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து டமடமவென்று சத்தம் போடும் அந்த இயந்திரத்துக்குப் பலர் பயப்படுகிறார்கள். ஷிஃப்டுக்குக் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், நெருக்கியடித்து இறங்கியவனுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, நான் உள்ளேயே தூங்கிவிட்டேன். படத்தில் ஓரிடம் சந்தேகமாக இருந்ததால் பயாப்ஸி என்றார்கள். சுரப்பியிலிருந்து சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது.

பயாப்ஸியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆசனவாய் வழியாக ஸ்கேன் கருவியை வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, அதன் பக்கத்திலேயே ஒரு நீள ஊசியைச் செலுத்துகிறார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் டக் என்று ஒரு சத்தம். நூல் கனத்தில் ஒரு சதைக்கீற்று வரும். இப்படிப் பன்னிரண்டு தடவை, வலப்புறம் ஆறு, இடப்புறம் ஆறு. வலியைவிட வெட்கம்தான் அதிகம், அதுவும் மூன்றாவது டக்கோடு போய்விட்டது. ஒவ்வொரு கீற்றையும் தனிப் புட்டியில் போட்டு நர்ஸ் நம்பர் ஒட்டினாள். நான் படுத்தபடியே, "சரியா ஒட்டறீங்களாம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள், எனக்கு அது சிரிப்பு விஷயமில்லை. வாழ்நாள் முழுக்க நான் பாறைக்குச் செய்ததை இன்றைக்கு எனக்கே செய்கிறார்கள்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் ஒன்றைக் கவிதா நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "நைனா, இது ரிசர்ச்சுக்கு. உங்க ஸ்லைட எல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல வெச்சிப்பாங்களாம். கேன்சர கண்டுபிடிக்க கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கறதுக்கு. பேரு இருக்காது. நம்ம ட்ரீட்மெண்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." போட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. சிறுநீரில் ரத்தம் வந்து, சிவப்பு போய்ப் பழுப்பாகி, நின்றும் போனது. மல்லிகா வாய்க்கு வாய் திட்டிக்கொண்டே வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தாள், கேழ்வரகுக் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். திட்டு கூடினால் அவள் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். இந்தக் கணக்கு கல்யாணமான முதல் வருஷத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

பத்தாம் நாள் டாக்டர் சொன்னார். பன்னிரண்டில் இரண்டு கீற்றுகளில் புற்றுநோய் இருக்கிறது. அவர் பொறுமையாக விளக்கினார். சுரப்பிக்குள் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கும். புற்று வந்தால் அவற்றின் ஒழுங்கு கெடும். தனித்தனி வளையமாக இருந்தால் மூன்று மார்க், ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிப் போயிருந்தால் நான்கு, அதற்கு மேல் ஐந்து. அதிகம் தெரியும் இரண்டு வகையைக் கூட்டிச் சொல்வார்கள். எனக்கு மூன்றும் மூன்றும் ஆறு. இருப்பதிலேயே சாதுவானது. "இப்ப ஆபரேஷன் வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் பாப்போம், அடுத்த வருஷம் மறுபடி பயாப்ஸி. கூடினா அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

மல்லிகா கைகூப்பினாள். எனக்கோ திருப்தியில்லை. புற்றுநோயை உள்ளே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்கிறாரே, அந்த ஆறு மார்க்கைப் போட்டவர் சரியாகத்தான் போட்டாரா?

முட்டாள்தனம் இங்கேதான் தொடங்குகிறது. சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனை ஆபீஸ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏற்கெனவே முடிவு வந்த கல்லையே வேறு நம்பர் போட்டு, ஒன்றும் சொல்லாமல், மறுபடி அனுப்புவோம். செக் சேம்பிள். இரண்டு தடவையும் ஒரே அளவு வந்தால் நம்பலாம். அதையே என் சதைக்கும் செய்வதென்று முடிவு செய்தேன்.

வேறு இடத்தில் கருத்துக் கேட்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கலாம். சதைக்கீற்றை மெழுகில் வைத்து மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் அவை. கேட்டேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு பன்னிரண்டையும் கொடுத்தார்கள். இரண்டாவது கருத்துக் கேட்பவர்கள் முதல் ரிப்போர்ட்டையும் கூடவே கொடுப்பதுதான் முறை. நான் அதைப் பீரோவில் ஒளித்தேன். ஆஸ்பத்திரி ஒட்டியிருந்த லேபிள்களின் மேல் என் சொந்தச் சீட்டு ஒட்டி, வரிசையைக் கலைத்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினேன். எது எது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லேபின் கிளை இருக்கிறது, அங்கே வாங்கிப் பெங்களூருக்கு அனுப்புவார்கள். "பழைய ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சாதித்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ரிப்போர்ட் வந்தது. பதினொரு ஸ்லைடுகளில் பேதமில்லை. ஏழாம் நம்பரில் மட்டும் மூன்றும் நான்கும் ஏழு என்று இருந்தது. நோட்டைப் பார்த்தேன், அது இடப்புறம் கீழேயிருந்து எடுத்த கீற்று. ஆஸ்பத்திரி அதற்கு ஆறுதான் கொடுத்திருந்தது.

அப்போதுதான் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு, "ஒரு வார்த்த சொல்லிட்டு செஞ்சிருக்கக் கூடாதா? நான் இன்னா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றாள். தப்பு என் மேல்தான்.

ஸ்லைடுகளை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கியது வாங்கியபடி போகட்டும் என்று, என் சீட்டுகள் கழன்று வர ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்தேன். சீட்டுகள் அழகாகக் கழன்று வந்தன. அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி லேபிள்களும் வந்துவிட்டன. கிண்ணத்தில் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள், எது எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு எழுத்துகூட இல்லை. இருபது வருஷத்தில் ஒரு பைக்குக்கூட நம்பர் மாற்றிப் போடாதவன் நான்.

கவிதாவோடு மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். டாக்டர் கோபப்பட்டார், நியாயம்தான். "ஏழுன்னா விஷயம் வேற. உங்க வயசுக்கும், எம்.ஆர்.ஐ.ல தெரிஞ்சதுக்கும், அந்த நாலு எவ்வளவு இருக்குன்னு பாத்து ஆபரேஷன் பத்திப் பேச வேண்டியிருக்கும். அந்த ஸ்லைட மறுபடி பாக்கணும். எதுன்னே தெரியாம எத பாக்கறது?" மெழுகில் மீதிச் சதை இருக்கிறதே, புதிதாகச் சீவலாமே என்று கவிதா கேட்டாள். சீவலாம், ஆனால் சந்தேகப்பட்ட இடம் மயிரிழை அகலம்தான், எங்கே என்று தெரியாமல் சீவினால் அதைத் தாண்டிப் போய்விடலாம் என்றார்.

ஆபரேஷன் என்றால் என்ன என்றும் சொன்னார். சுரப்பியையே எடுத்துவிடுவார்கள். பிழைப்பதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் சில மாதம் சிறுநீர் தன்னை அறியாமல் கசியும், சிலருக்கு அது நிற்காமலும் போகலாம். கணவன் மனைவி உறவும் போகலாம். மல்லிகாவை வைத்துக்கொண்டே சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் பரவால்ல டாக்டர், ஆளு இருந்தா போதும்" என்றாள். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. எனக்கு ஆளாகவும் இருக்க வேண்டும், முழு ஆளாகவும் இருக்க வேண்டும். அறுபத்தாறு வயதில் அப்படி ஆசைப்படுவது தப்பா என்ன?

கவிதாதான் அந்தக் காகிதத்தை ஞாபகப்படுத்தினாள். "டாக்டர், ரிசர்ச்சுக்கு ஸ்கேன் பண்ணாங்களே, அது லேபிளோட இருக்குமில்ல?" டாக்டர் யோசித்தார். போனை எடுத்துத் திசு ஆய்வுப் பிரிவில் யாரிடமோ கன்னடத்தில் பேசினார். இரண்டு வாரம் கழித்து எங்களை வரச் சொன்னார்கள்.

அந்த இரண்டு வாரமும் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கவிதா லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டு, நான் கொல்லைப்பக்கம் போனால்கூட "எங்க நைனா?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் தினமும் காலையில் எங்கள் தண்ணீர்க் குடங்களை நிரப்பி வைத்தார். மல்லிகா மீண்டும் திட்டத் தொடங்கினாள், எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

டாக்டர் ஷைலஜா என்பவரின் அறைக்குப் போனோம். நாற்பது வயதிருக்கும், கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். சதையைப் படித்துச் சொல்லும் டாக்டர் அவர், கம்ப்யூட்டர் ஆராய்ச்சியும் அவருடையதுதான். சாதாரணமாக நோயாளிகள் அந்த அறைக்கு வருவதே இல்லையாம். "ஸ்லைட தண்ணியில ஊற வெச்ச ஆள பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு, அதான் வரச் சொன்னேன்" என்றார். நான் நெளிந்தேன்.

பெரிய திரையில் என் கீற்றுகள் தெரிந்தன, ரோஜா நிறத்திலும் ஊதாவிலும். லேபிளை வைத்துத் தேடத் தேவையில்லை என்று காட்டினார். ஒவ்வொரு கீற்றும் ஒவ்வொரு மாதிரி வளைந்து கிழிந்திருக்கும், இரண்டு ஒன்றுபோல் இருக்காது. லேபிள் போன கண்ணாடிகளை மறுபடி ஸ்கேன் செய்து, பழைய படங்களோடு கம்ப்யூட்டரை ஒப்பிடச் சொன்னதும் பன்னிரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டனவாம். என் நோட்டில் ஏழு என்று இருந்தது எது என்பதும் தெரிந்துவிட்டது.

"இப்ப நோடி, பாருங்க" என்று ஏதோ அழுத்தினார். கீற்றின் மேல் வண்ணம் பரவியது. நல்ல இடம் பச்சை, மூன்று மார்க் இடம் மஞ்சள், நான்கு மார்க் சிவப்பு. இலட்சக்கணக்கான சின்னச் சின்னச் சதுரங்களாகப் படத்தை வெட்டி, ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் பார்த்து நிறம் போடுகிறது. டாக்டர்கள் குறித்துக்கொடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஏழாம் நம்பரில் மஞ்சளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

நான் அந்தப் பொட்டை விரலால் காட்டினேன். "அப்ப மெஷினும் ஏழுன்னுதான் சொல்லுதா மேடம்?"

"ஆமா, மெஷினும் அப்படித்தான் சொல்லுது. அந்த லேபும் அப்படித்தான் சொல்லிச்சு. ரெண்டு பேரும் தப்பு" என்றார்.

எங்கே சீவ வேண்டும் என்று படத்திலிருந்தே அளவு எடுத்து, மெழுகில் மிச்சமிருந்த சதையை அதே இடத்தில் ஆறு சீவல் சீவியிருந்தார்கள். ஒன்றையும் வீணாக்காமல் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவந்தார். முதல் சீவலில் குழாய்கள் ஒட்டிக் குழம்பித் தெரிந்தன. இரண்டாவதில் நடுவே ஒரு துளி இடைவெளி. நான்காவதில் தனித்தனி வளையங்கள், சுத்தமாக. சிவப்பு மஞ்சளாகிவிட்டது. "குழாயக் குறுக்கே வெட்டினா வளையம். ஓரமா சாய்ச்சு வெட்டினா நடுவுல ஓட்ட தெரியாது, ஒட்டின மாதிரி இருக்கும். உங்களுது மூணுதான். ஆறுதான்."

மல்லிகா உடனே, "பொடலங்கா மாதிரி" என்றாள். "நேரா நறுக்கினா வளையம் வரும். ஓரமா சீவிட்டா வெறும் பத்த வரும். அதானம்மா?"

"அதேதான்" என்றார் டாக்டர் ஷைலஜா.

ரீஃபைச் சாய்வாகக் கொத்தினால் இருப்பதைவிட அகலமாகக் காட்டும், அந்த அளவை நம்பாதே என்பது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். இருபது வருஷ சேம்ப்ளருக்குத் தோன்றாதது புடலங்காய் நறுக்குகிறவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த நேரத்தில் அதற்கெல்லாம் வெட்கப்பட எனக்கு நேரமில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் முன்னால் அழுதேன், பரவாயில்லை.

இந்தச் சிவப்புப் பொட்டை என்ன செய்வீர்கள் என்று கவிதா கேட்டாள். அதுதான் தனக்கு இப்போது ரொம்ப வேண்டியது என்றார் டாக்டர். நோயை மட்டும் காட்டிக் கற்றுக்கொடுத்தால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நோய் என்கிறது. பயமுறுத்தும், ஆனால் நோய் கூடவில்லை என்று சீவிப் பார்த்து நிரூபித்த இடங்கள் கிடைப்பது அபூர்வம். ஏழாம் நம்பரும் அந்த ஆறு சீவல்களும் இனி அதற்குப் பாடம். எங்கேயோ ஒருவருக்குத் தேவையில்லாமல் சுரப்பியை எடுக்காமல் இருக்க உதவலாம். உடனே நடக்காது, வருஷக்கணக்காகும் என்றும் சொன்னார். அவர் அப்படிக் கூட்டிக் குறைக்காமல் பேசியது எனக்குப் பிடித்தது. அடுத்த தடவை இரண்டாவது கருத்துக் கேட்டால் எல்லாக் காகிதத்தையும் கொடுங்கள், மறைத்தால் படிக்கிறவரின் ஒரு கண்ணைக் கட்டுகிற மாதிரி என்றும் சொன்னார். இதைப் படிப்பவர்களுக்கும் நான் சொல்வது அதுதான். கல்லுக்குச் சரியாக இருந்தது மனுஷனுக்குச் சரிவராது.

கிளம்பும்போது மல்லிகா தயங்கி நின்றாள். "அந்தப் படத்த என் போன்ல ஒண்ணு எடுத்துக்கலாமாம்மா? அந்த நாலாவது." டாக்டருக்கு ஆச்சரியம். உங்களுடையதுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதமாகிறது. ஆறாம் மாத ரத்தப் பரிசோதனையில் எண் ஏறவில்லை. சிறுநீருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையால் ராத்திரி இரண்டு தடவை எழுந்தால் போதும். பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பரிசோதனைக்கு முந்தின வாரம் சோறு இறங்காது. மற்ற நாளெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், வீட்டில் சண்டை போடுகிறேன்.

போன ஞாயிறு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் மல்லிகா பூ வாங்கப் போனை எடுத்தாள், ஸ்கேன் செய்து காசு அனுப்புவதற்கு. போனைத் திறந்ததும் முகப்பில் அந்தப் படம்தான், ரோஜா நிறமும் ஊதாவுமாக, வளையம் வளையமாக. பூக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா பூ இது? நம்ம பக்கம் பாத்ததே இல்லயே."

"பூ இல்லம்மா" என்று மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு."